ஏரித் தண்ணீரோடு வந்த உரம்: சென்னைப் புறநகர் நெல்வயலில் ஒரு மாடல் ஆய்வு

பின்னணி

தாம்பரத்தைத் தாண்டிச் செங்கல்பட்டுப் பக்கம் போனால் இன்றும் ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் கிராமங்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு கிராமத்தில் மூன்று நவரைப் பருவங்களில் (ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் அறுவடையாகும் நெல் பருவம்) நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். ஊரின் பெயரும் ஏரியின் பெயரும் வேண்டாம். ஏரிக்கு மேற்கே முன்பு மேய்ச்சல் நிலமாகக் கிடந்த இடமெல்லாம் இப்போது வீட்டு மனைகள். அங்கே பாதாளச் சாக்கடை இல்லை. வீடுகளின் கழிவுநீர் மழைநீர் வடிகாலில் இறங்கி, வரத்துக்கால் வழியாக ஏரியில் சேர்கிறது. சென்னையைச் சுற்றியுள்ள பல ஏரிகளின் நிலை இதுதான்.

அந்த ஊர் விவசாயிகள் குழு எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி. எப்போதும் நீர் கட்டி வைப்பதை விட்டுவிட்டுக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது இடையிடையே காயவிட்டு மறுபடி நீர் பாய்ச்சி, நெல் பயிரிட்டால், சேற்றிலிருந்து எழுந்து புவியைச் சூடாக்கும் மீத்தேன் எவ்வளவு குறையும், விளைச்சல் குறையுமா? இப்படி வாயுவைக் குறைத்ததற்குப் பணம் தரும் கார்பன் வரவுத் திட்டம் ஒன்றில் சேரலாம் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். சென்னையில் ஒரு கல்வி நிறுவனத்தில் பயிர்ச் சூழலைக் கணினியில் மாடல் செய்யும் சிறிய குழு எங்களுடையது. ஒவ்வொரு வயலிலும் வருஷக்கணக்கில் வாயு அளக்க முடியாது. சில வயல்களில் அளந்து, மாடலைச் சரிபார்த்து, அதை வைத்து மற்ற வயல்களுக்குக் கணக்கிடுவதுதான் வழக்கம்.

எடுத்துக்கொண்ட கணினி மாடலின் பெயர் டிஎன்டிசி (Denitrification-Decomposition என்பதன் சுருக்கம்). அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் சாங்ஷெங் லீ தலைமையில் உருவாகி 1992-இல் வெளியானது. பயிர் நிலங்களிலிருந்து எழும், மீத்தேனைப் போலவே புவியைச் சூடாக்கும் நைட்ரஸ் ஆக்சைடைக் கணக்கிடத்தான் முதலில் எழுதப்பட்டது. நெல்வயலும் மீத்தேனும் பின்னால் சேர்ந்தன. தினசரி வெப்பம், மழை, மண்ணின் கரிமக் கார்பன், களி அளவு, உழவு, உரம், நீர் கட்டும் தேதி ஆகியவற்றைக் கொடுத்தால், நாள் நாளாக நகர்ந்து மண்ணுக்குள் நடப்பதைக் கணக்கிடும். மண் துளைகளில் தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்தால் ஆக்சிஜன் எவ்வளவு என்று தெரியும். ஆக்சிஜனைப் பொறுத்து எந்த நுண்ணுயிர் வேலை செய்யும் என்பது அமையும். காற்று இருந்தால் அம்மோனியம் நைட்ரேட்டாகிறது. காற்று குறைந்தால் நைட்ரேட் உடைந்து நைட்ரஸ் ஆக்சைடாகவும் நைட்ரஜன் வாயுவாகவும் போகிறது. காற்று அறவே இல்லாமல் நாள்கள் ஓடினால் மீத்தேன் எழும்பத் தொடங்குகிறது. கார்பன், நைட்ரஜன், தண்ணீர் மூன்றில் ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் அசையும்.

(புதிதாக இந்த மாடலைத் தொடுபவர்களுக்கு: மழையை இது சென்டிமீட்டரில் கேட்கும். வானிலைத் துறை மில்லிமீட்டரில் தரும். கோப்பை ஓட்டுவதற்கு முன் ஆண்டு மொத்தத்தைக் கூட்டிப் பார்த்துவிடுவது நல்லது. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர்.)

முதல் நவரை: அளந்தவை

மதகுக்கு அடுத்த வயல், நடு வயல், கடைமடை வயல் என்று ஒரே கால்வாயில் மூன்றைத் தேர்ந்தெடுத்தோம். இந்த ஊரில் வயலுக்கு வயல் பாய்ச்சல்தான். மேல் வயலில் நிரம்பிய தண்ணீர் வரப்பில் வெட்டிய வாய் வழியாகக் கீழ் வயலுக்கு இறங்கும். மூன்றிலும் கோ 51 நெல். ஜனவரி முதல் வாரத்தில் நாற்றங்கால், மாதக் கடைசியில் நடவு, ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் அறுவடை. உரமும் மூன்றிலும் ஒன்றே. ஏக்கருக்கு அடியுரமாக ஒரு மூட்டை டிஏபி, பிறகு மூன்று தவணையில் இரண்டு மூட்டை யூரியா. ஹெக்டேருக்கு மாற்றினால் ஏறக்குறைய 125 கிலோ நைட்ரஜன்.

மண் மாதிரி, பயிர் எடை, இலை வண்ண அட்டை (இலையின் பச்சையை எண்ணால் குறிப்பது; எண் கூடினால் பச்சை கூடுதல்) ஆகியவற்றோடு, மூடிய அக்ரிலிக் பெட்டியை வயலில் வைத்துப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சிரிஞ்சில் காற்றெடுத்து, ஆய்வகத்தில் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் அளந்தோம். வெப்பநிலைக்கு மீனம்பாக்கம் நிலையத்தின் பதிவு. மழைக்கு மட்டும் ஊரிலேயே ஒரு மழைமானி வைத்தோம், ஏனென்றால் மீனம்பாக்கத்தில் கொட்டும் மழை இந்தப் பக்கம் தூறலாகக்கூட வராத நாள்கள் உண்டு.

ஒத்துப்போனதும் போகாததும்

மே மாதம் மாடலை ஓட்டினோம். மூன்று வயல்களிலும் நெல் விளைச்சல் அளந்ததற்கு மிக அருகில் வந்தது. பல ஆய்வுகளில் இதோடு சரிபார்ப்பு முடிந்துவிடும். எங்கள் குழுவில் இருந்த இளம் ஆராய்ச்சி மாணவி வைக்கோலையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கடைமடையில் அதுவும் ஒத்துப்போனது. மதகு வயலில் மாடல் சொன்னதைவிட வைக்கோல் கால்பங்கு கூடுதல். வைக்கோலில் இருந்த நைட்ரஜனோ இன்னும் கூடுதல்.

களத்தில் எழுதிய குறிப்புகளைப் புரட்டினோம். மாடல் கணக்குப்படி மார்ச் கடைசியில் மதகு வயலின் பயிருக்கு நைட்ரஜன் பற்றாக்குறை; இலை வெளுத்திருக்க வேண்டும். அந்த வாரக் குறிப்பில் இலை வண்ண அட்டையில் 5 என்று பதிவாகியிருந்தது. பெரும்பாலான ரகங்களுக்கு 4-க்குக் கீழே போனால்தான் மேலுரம் இட வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. அறுவடைக்கு முன் அந்த வயலில் பாதிக்கு மேல் பயிர் சாய்ந்து கிடந்தது. சாய்ந்த கதிரில் பதர் அதிகம். பயிர் கொழுத்து வளர்ந்தும், சாய்ந்ததாலும் பதரானதாலும் மணி எடை ஏறவில்லை. அது மாடல் சொன்ன எண்ணுக்கு வந்து நின்றது தற்செயல்தான். நெல் எடையை மட்டும் பார்த்திருந்தால் மாடல் சரி என்றே எழுதியிருப்போம்.

மீத்தேனிலும் இதே சாயல் தெரிந்தது. கடைமடையில் பெட்டி அளவும் மாடலும் நெருங்கி வந்தன. மதகு வயலில் ஏப்ரல் மாதம் பெட்டியில் அளந்தது மாடலைவிடத் தெளிவாக மேலே நின்றது.

இரண்டு வழிகள்

இந்த இடத்தில் குழுவுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. மதகு வயலின் மண் வளமானது, அதிலிருந்து நைட்ரஜன் அதிகம் விடுபடுகிறது என்று வைத்துக்கொண்டு, மண்ணின் கரிமச் சிதைவு வேகத்தைக் கொஞ்சம் ஏற்றினால் வைக்கோல், இலை நைட்ரஜன், மீத்தேன் மூன்றும் ஒரே அடியில் ஒத்துப்போய்விடும். ஓட்டியும் பார்த்தோம், வரைபடம் அழகாகப் பொருந்தியது. வரம்பு மீறிய எண் எதையும் தொடவில்லை. ஆய்வுக் கட்டுரையாக அனுப்பினால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

அதை ஏற்க வேண்டாம் என்று முடிவெடுத்ததற்கு இரண்டு காரணங்கள். மூன்று வயல்களின் மண்ணும் ஒன்றுக்கொன்று பெரிதாக வேறுபடவில்லை, கரிமக் கார்பனும் களியும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அப்படியிருக்க ஒரு வயலுக்கு மட்டும் சிதைவு வேகத்தை ஏற்ற மண் இடம் தரவில்லை. இரண்டாவது, விவசாயிகள் கேட்ட கேள்வியே தண்ணீரைக் குறைத்தால் என்ன ஆகும் என்பது. கூடுதல் நைட்ரஜன் மண்ணிலிருந்து வருகிறது என்று மாடலுக்குச் சொல்லிவிட்டால், தண்ணீரைக் குறைத்தாலும் அது குறையாது. வேறு எங்கிருந்தாவது வருகிறதென்றால் விடை தலைகீழாகலாம். நடந்த பருவத்துக்குப் பொருந்துவதும், நடக்காத ஒன்றைப் பற்றிச் சரியாகச் சொல்வதும் வேறு வேறு. மாடல் எதற்காகப் பயன்படப் போகிறதோ, அந்தக் கேள்வியின் திசையில் அதன் காரணங்கள் சரியாக இருந்தாக வேண்டும்.

விடை ஊரிலேயே இருந்தது. வைக்கோல் கணக்கைப் பற்றி அந்த மாணவி மதகு வயல்காரரிடம் கேட்டபோது அவர் சொன்னது இது: "தண்ணியிலயே உரம் வருதும்மா. நீங்க அளக்கிறதால்தான் இந்த வருஷம் எல்லாரும் ஒரே கணக்கா போட்டோம். நான் ரெண்டாவது யூரியாவோட நிறுத்திக்குவேன். கடைமடைக்காரங்க நிறுத்த முடியாது." ஆய்வுக்காக மூன்று வயல்களுக்கும் ஒரே அளவு உரம் என்று நாங்கள் வகுத்த திட்டம், அவர் வருஷக்கணக்காகக் கடைப்பிடித்து வந்த கணக்கை மூடி மறைத்திருந்தது.

இரண்டாம் நவரை: தண்ணீரை அளந்தது

அடுத்த நவரையில் பயிர் முறையில் எதையும் மாற்றவில்லை. வரும் தண்ணீரை மட்டும் கூர்ந்து அளந்தோம். ஒவ்வொரு வயலின் வாயிலும் அளவுகோல் குச்சி நட்டு எவ்வளவு உயரம் தண்ணீர் ஏறுகிறது என்று பாய்ச்சல் தோறும் குறித்தோம். அதே இடத்தில் மாதிரி எடுத்து வடிகட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்துக்குக் கொண்டுபோனோம். அறை வெப்பத்தில் ஒரு நாள் கிடந்தாலே அம்மோனியம் மாறிவிடும் என்பதால் இதில் சமரசமே செய்யவில்லை.

பிப்ரவரியில் மதகு நீரில் லிட்டருக்கு சுமார் 4 மில்லிகிராம் அம்மோனிய நைட்ரஜன். மார்ச்சில் 10. ஏப்ரல் முதல் பாதியில் 16. இந்த ஏற்றத்துக்குக் காரணம் எளிது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியிருக்கும்போது கழிவுநீர் நீர்த்துப் போகிறது. மழை நின்றபின் ஏரி சுருங்கிக்கொண்டே வருகிறது. வீடுகளிலிருந்து வருவது மட்டும் ஒரே அளவில் நிற்காமல் வருகிறது. ஜனவரியில் ஒரே ஒரு மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டு நீரில் பெரிதாக ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தால் எல்லாமே தவறியிருக்கும்.

ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது 10 கனமீட்டர். லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரஜன் உள்ள நீர் என்றால் அந்த ஒரு மில்லிமீட்டரில் 100 கிராம் நைட்ரஜன் வயலுக்குள் வருகிறது. மதகு வயலுக்குப் பிப்ரவரியில் 300, மார்ச்சில் 350, ஏப்ரலில் 200 மில்லிமீட்டர் தண்ணீர் போயிருந்தது. பெருக்கிக் கூட்டினால் 12, 35, 32. ஆக ஹெக்டேருக்கு 79 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் 20.7 கிலோ நைட்ரஜன் என்பதால் இது ஏக்கருக்கு ஒன்றரை மூட்டை யூரியாவுக்குச் சமம். வந்த காலம் அளவைவிட முக்கியம். அதில் 67 கிலோ மார்ச் பிறந்த பிறகு, அதாவது கதிர் உருவாகும் பருவம் தொடங்கிய பின் வந்தது. தண்டு நீளும் நேரத்தில் பயிருக்கு இப்படி ஊட்டம் ஏறினால் சாயாமல் என்ன செய்யும்?

கடைமடையில் அதே நாள்களில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போகவில்லை. மேல் வயல்களின் பயிரும் பாசியும் மண்ணும் வழியிலேயே எடுத்துக்கொண்டன. ஒரு பகுதி காற்றிலும் போயிருக்க வேண்டும். மதகு வயலில் நின்ற நீரின் பிஎச் காலையில் ஏழரைக்குப் பக்கம். வெயில் ஏறி, பாசி கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்ட பின், பிற்பகலில் 9-ஐ எட்டியது. அந்த அளவில் அம்மோனியத்தின் கணிசமான பங்கு அம்மோனியா வாயுவாகிவிடும். பிற்பகல் இரண்டு மணிக்கு வரப்பில் குனிந்தால் அந்த நெடி தெரியும்.

மாடலுக்குள் சேர்த்த விதம்

டிஎன்டிசியில் நீர் கட்டும் பகுதியில் தண்ணீரோடு வரும் நைட்ரஜனுக்கென்று ஓர் இடம் உண்டு. எங்கள் முதல் வருஷக் கோப்பில் அது பூஜ்யமாக இருந்தது. மாதத்துக்கு மாதம் செறிவு மாறும் ஏரிக்கு அந்த ஒற்றை எண் போதாது என்பதால், ஒவ்வொரு பாய்ச்சல் தேதியிலும் அன்றைக்கு வந்த அளவை மேற்பரப்பில் இட்ட அம்மோனிய உரமாக எழுதினோம். மண் சார்ந்த எந்த எண்ணையும் தொடவில்லை. மதகு வயலின் வைக்கோலும் இலை நைட்ரஜனும் அளந்ததற்கு அருகில் வந்தன. நடு வயலும் கடைமடையும் அவற்றின் சொந்த நீரளவோடு பொருந்தின.

மீத்தேன் முழுமையாகப் பொருந்தவில்லை. கழிவுநீரில் நைட்ரஜனோடு கரைந்த கரிமப் பொருளும் வருகிறது. காற்றில்லாத சேற்றில் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு அது தீனி. அதைச் சாணக்கரைசல் போல ஓர் எருவாக எழுதலாம் என்ற யோசனை வந்தது. ஆனால் அந்தக் கார்பனை நாங்கள் அளக்கவில்லை. அளக்காத எண்ணை வைத்துக் கோட்டைப் பொருத்த மறுத்துவிட்டு, மதகு வயலுக்கு மாடல் மீத்தேனைக் குறைத்தே சொல்கிறது என்று அறிக்கையில் வெளிப்படையாக எழுதினோம். இந்த முடிவில் எனக்கு இன்றும் முழு நிறைவு உண்டு.

பிறகு காய்ச்சலும் பாய்ச்சலும் கணக்கை இரண்டு விதமாகவும் ஓட்டினோம். சிதைவு வேகத்தை ஏற்றிப் பொருத்திய பழைய கோப்பில், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைக் குறைத்தபோது மீத்தேன் இறங்கியது. பயிர் அப்படியே இருந்தது. புதிய கோப்பில் தண்ணீரோடு நைட்ரஜனும் குறைந்தது. மதகு வயலில் அது நன்மை: சாய்வதற்கான காரணமே குறைகிறது. நடு வயலில் பயிருக்கு லேசான பற்றாக்குறை. கூடவே, ஒவ்வொரு முறை காய்ந்து மறுபடி நனையும்போதும் மதகு வயலில் நைட்ரஸ் ஆக்சைடு துள்ளியது. காய்ந்த நாள்களில் அம்மோனியம் நைட்ரேட்டாகி, நனைந்ததும் உடைகிறது. ஒரு கிலோ நைட்ரஜன் நைட்ரஸ் ஆக்சைடாகப் போனால் நூறாண்டுக் கணக்கில் சுமார் 429 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஏறக்குறைய 16 கிலோ மீத்தேனைச் சேமித்ததை அது ஒன்றே விழுங்கிவிடும். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2019-இல் திருத்திய வழிகாட்டி, எப்போதும் நீர் நிற்கும் நெல்வயலுக்கு நைட்ரஜனில் 0.3 சதவீதமும், இடையிடையே வடிக்கும் வயலுக்கு 0.5 சதவீதமும் நைட்ரஸ் ஆக்சைடாகப் போவதாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. யூரியா ரசீதை மட்டும் பார்த்து இந்தச் சதவீதத்தைப் போட்டால், மதகு வழியாக வந்த 79 கிலோ எந்தக் கணக்கிலும் வராது.

ஊரில் சொன்னது

அறிக்கையைக் கோயில் மண்டபத்தில் வைத்து விளக்கினோம். மதகை ஒட்டிய வயல்களில் மூன்றாம் தவணை யூரியாவை நிறுத்தலாம், இரண்டாவதை இலை வண்ண அட்டை பார்த்து இடலாம். நடு வயல்களில் காய்ச்சலும் பாய்ச்சலும் செய்யலாம், ஆனால் யூரியாவைக் குறைக்க வேண்டாம். கடைமடையில் பழையபடியே. காய்ச்சலும் பாய்ச்சலும் செய்பவர்கள், துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் பாய்ச்சுவது. பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடாமல் வைப்பது. கார்பன் வரவைப் பற்றிக் கேட்டார்கள். இந்த ஏரியில் ஊருக்கெல்லாம் ஒரே எண்ணைத் தர முடியாது, தந்தால் அது உண்மையாக இருக்காது என்று சொன்னோம். சிலருக்கு அது ஏமாற்றம்தான். ஒரு பெரியவர் மட்டும், "அப்போ மேல்மடைக்கு ஒரு கணக்கு, கீழ்மடைக்கு ஒரு கணக்குன்னு சொல்றீங்க. அதைத்தானே எங்க அப்பா காலத்துலேருந்து செய்யறோம்" என்றார்.

மூன்றாம் நவரை

மதகு வயல்காரர்களில் பெரும்பாலோர் கடைசித் தவணையை விட்டார்கள். விளைச்சல் குறையவில்லை. பயிர் சாய்ந்தது அங்கங்கே திட்டாக மட்டும். செயின் வண்டி எனும் அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் கூலி என்பதால் நிமிர்ந்து நின்ற வயலில் செலவு குறைந்தது. உரச் செலவு மிச்சத்தைவிட இதைத்தான் அவர்கள் பெரிதாகப் பேசினார்கள்.

நடு வயல்களில் நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது. அந்த ஆண்டு மழை நன்றாகப் பெய்து ஏரி பிப்ரவரி முடியும்வரை நிறைந்திருந்தது. நீர் நீர்த்திருந்ததால் நைட்ரஜன் வரத்து பிந்தியது. காய்ச்சலும் பாய்ச்சலும் செய்த இரண்டு வயல்களில் தூர் கட்டும் பருவத்தில் பயிர் மஞ்சளித்தது. இலை வண்ண அட்டை 3-க்கு இறங்கியதும் உடனே அரை மூட்டை யூரியா இட்டுச் சமாளித்தார்கள். ஒரு வயலில் தூர் எண்ணிக்கை குறைந்தே போனது.

இனி செய்யும்போது

முதல் பருவத்திலேயே தண்ணீர் மாதிரியை மாதாமாதம் எடுப்போம், மண் மாதிரிக்குக் கொடுக்கும் அதே மதிப்போடு. கரைந்த கரிமக் கார்பனையும் அதே பாட்டிலிலிருந்து அளப்போம். ஒரே உரத் திட்டத்தை எல்லா வயல்களிலும் திணிப்பதற்கு முன், அவரவர் வழக்கமாக என்ன இடுகிறார்கள் என்று கேட்டு எழுதுவோம். உரப் பரிந்துரையை ஏரி நீர்மட்டத்தோடு இணைத்துத் தருவோம்: மதகுக் கல்லில் நீர் எந்தக் குறிக்குக் கீழே போனால் மேலுரத்தை நிறுத்தலாம் என்று. அறுவடைக்குப் பின் வயல் வெடிக்கும் காலத்தில் மண்ணில் மிஞ்சிய நைட்ரேட் கிணறுகளுக்கு இறங்குகிறதா என்பதை இதுவரை பார்க்கவில்லை. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தரம். வயலை ஒட்டிய கிணறுகளில் கோடைமழைக்கு முன்னும் பின்னும் அளக்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம்.

குடியிருப்புப் பகுதியில் இப்போது பாதாளச் சாக்கடைக் குழாய் பதிக்கிறார்கள். அது முடிந்து கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திரும்பினால் ஏரியில் இந்த அம்மோனியம் இராது. ஊருக்கும் ஏரிக்கும் அது நல்லது. சேற்றில் நின்று கால் புண்ணாகும் நடவுப் பெண்கள் நெடுநாளாகக் கேட்டதும் அதுதான். ஆனால் மதகு வயல்களுக்கு நாங்கள் சொன்ன உர அளவு அந்த வருஷமே செல்லாததாகிவிடும். இதை விவசாயிகள் குழுவிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். குழாய் இணைப்பு தொடங்கும் பருவத்தில் யூரியாவைப் பழைய அளவுக்கே கொண்டுபோய், நீர் மாதிரியையும் மாடலையும் புதிதாக ஓட்டிப் பார்த்த பிறகே குறைப்பது என்று பேசி முடிவாகியிருக்கிறது.